பூஜைக்கு வைத்த மிஷின்

அத்தியாயம் பதினொன்று

சரஸ்வதி பூஜையன்று கரமனை அக்கிரகாரத்தில் ஒருவரும் எழுத்தைத் தொடமாட்டார்கள். ஸ்ரீகண்டய்யர் ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் தலைமை ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்; பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி விளம்பரம் வரை படிக்காமல் காப்பி இறங்காது அவருக்கு. அவரே அன்று பத்திரிகையை மடிப்புக் கலையாமல் உத்தரத்தில் செருகிவிட்டார். ஜப்பான்காரனும் இங்கிலீஷ்காரனும் ஒரு நாள் காத்திருக்கட்டும்.

பூஜையறையில் வழக்கம்போல ராமாயணமும், ஜோசியச் சுவடிகளும், விஜயத்தின் பள்ளிக்கூடப் புத்தகங்களும் அடுக்கியிருந்தன. வழக்கத்துக்கு மாறாக, அவற்றின் நடுவே ஒரு தையல் மிஷின் உட்கார்ந்திருந்தது.

அது யாருடைய மிஷின், அங்கே எப்படி வந்தது என்பதெல்லாம் வாராவாரம் இந்தக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றுதான் வாசற்படி ஏறுகிறவர்களுக்காக நாலு வரி.

சூடாமணி இந்த வீட்டு மூத்த நாட்டுப்பெண், ஸ்ரீகண்டய்யரின் மருமகள். அவளுடைய அப்பா பொன்முடியில் தேயிலைத் தோட்டத்துக் கணக்கர். தோட்டத்து துரைசானி சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன ஜெர்மன் கைமிஷினை வாங்கி மகளுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தார். அவரும் இப்போது இல்லை. சூடாமணியின் கணவன் சாம்பசிவன் ரங்கூனில் அரிசி மில் ஆபீஸில் இருந்தான். ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. அவர்களில் சாம்பசிவன் இல்லை. செத்தான் என்று சொன்னவரும் இல்லை. பார்த்தேன் என்று சொன்னவரும் இல்லை. அது ஆகிறது ஏறக்குறைய இரண்டு வருஷம்.

விஜயம் ஸ்ரீகண்டய்யரின் ஒரே பெண். கல்யாணம் முடிந்து புக்ககம் புறப்படக் காத்திருக்கிறாள். நிச்சயதார்த்தச் சபையில், "தையல் மிஷினும் உண்டு" என்று ஸ்ரீகண்டய்யர் வாக்குக் கொடுத்திருந்தார். யுத்தத்தில் புது மிஷின் என்பது சாலைக் கடைத்தெருவில் கண்ணால் பார்க்கக்கூடக் கிடைக்கவில்லை. ஆகவே அஷ்டமி சாயங்காலம் ஒருவரையும் கேட்காமல் சூடாமணியின் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூஜையில் வைத்துவிட்டார். விஜயதசமி காலையில் பூஜை எடுத்ததும், அதாவது வைத்த சாமான்களைத் திரும்ப எடுத்ததும், சம்பந்தியம்மாள் பார்க்க விஜயம் அதில் ஒரு தையல் போடுவாள். பிறகு மிஷின் அவளோடு நாகர்கோவில் வடசேரிக்குப் போகும்.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. மிஷினுக்குள் ஷட்டில் இல்லை.

மேலே ஊசி நூலைக் கொண்டு இறங்கும்போது, கீழே சின்னப் படகு போல ஓடிவந்து அடிநூலைக் கோத்துவிட்டுத் திரும்புகிற உருப்படி அது. அது இல்லாவிட்டால் ஊசி துணியில் ஓட்டை போடும், தையல் விழாது. அதன் ஸ்பிரிங் ஒடிந்துபோனதால், போன வாரமே அதைச் சாலைக் கடைத்தெருவில் மிஷின் ரிப்பேர் பார்க்கும் தங்கையனிடம் கொடுத்திருந்தாள் சூடாமணி.

காலையில் விளக்குத் திரியைத் தூண்டிவிட வந்தவள், மிஷினைப் பார்த்து அப்படியே நின்றாள்.

மாமனார் உபசாரத்தில் குறை வைக்கவில்லை. சக்கரத்துக்குச் சந்தனம், ஊசித் தண்டுக்குச் சந்தனம், ஷட்டில் ஓடுகிற தகட்டின் மேல் வழிய வழியச் சந்தனம், நடுவே குங்குமம். எண்ணெய் விடுகிற துளைகள் ஒன்று விடாமல் தேங்காயெண்ணெய். சுவாமிக்குக் காப்புச் சாத்துகிற பக்தியோடு சாத்தியிருந்தார். சந்தனம் இரவே காய்ந்து, தகட்டின் இடுக்கில் கோடு கோடாக இறங்கியிருந்தது.

"என்ன பார்க்கறே?" பின்னால் ஸ்ரீகண்டய்யரின் குரல்.

"சந்தனம் கொஞ்சம் ஜாஸ்தியோன்னு…"

"தேவிக்கு ஜாஸ்தின்னு உண்டா? கை வைக்காதே. நாளைக்குப் பூஜை எடுக்கறவரை ஒருத்தரும் தொடப்படாது."

அவள் கையை மடக்கிக்கொண்டாள். தன் மிஷின், தன் அப்பா கொடுத்தது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. துடைக்க முடியாது. ஷட்டில் இல்லை என்று சொல்லிவிடலாம். தொண்டை வரை வந்தது. கேட்டுவிட்டு எடுத்திருந்தால் சொல்லியிருப்பேனே, கேட்காமல் எடுத்தவரிடம் நான் எதற்கு வலியப் போய்ச் சொல்ல வேண்டும்? அவளும் லேசுப்பட்டவள் அல்ல.

"கோயிலுக்குப் போயிட்டு வரேன்ப்பா" என்றாள்.

"விஜயத்தையும் அழைச்சுண்டு போ."

"அவளுக்குத் தலைவலியாம்."

அது மட்டும் பொய்யல்ல. விஜயம் இரண்டு நாளாகவே முகம் வெளுத்துப்போய்த்தான் நடமாடினாள்.

*

கிள்ளிப்பாலம் தாண்டிச் சாலைக்குள் நுழைந்தால் கடைத்தெரு முழுக்கப் பலகை போட்டுக் கிடந்தது. தராசு, படி, முழக்கோல் எல்லாம் அந்தந்தக் கடைக்குள் பூஜையில் இருந்தன. இரும்புக்கடைச் சந்தின் கோடியில் தங்கையனின் கடை மட்டும் திறந்திருந்தது. மார்த்தாண்டத்துக்காரன், வேதக்காரன். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை.

"வாங்கம்மா! இன்னைக்கு இந்தத் தெருவில நானும் காக்காவும்தான் உண்டு" என்று முக்காலியைத் தட்டிப் போட்டான். "உங்க சாமானுக்கு நான் பட்ட பாடு இருக்கே, அதைச் சொன்னா நீங்க அழுதிருவிய."

"சொல்லாமலே குடுத்துடேன்."

"சொல்லாம எப்படி? ஜெர்மன்காரன் சாமானுக்கு இப்ப ஸ்பிரிங் வேணும்னா ஹிட்லருக்குத்தான் எழுதிப் போடணும். ஆற்றுக்கால் டெய்லர்கிட்ட கேட்டேன், கிட்டல்ல. பழைய இரும்புக்காரன் சாக்கை முழுக்கக் கொட்டிப் பார்த்தேன், கிட்டல்ல. கடைசியில ஒரு கிராமபோன் பெட்டி ஸ்பிரிங்கை அறுத்து, ராவி, வளைச்சு… முதல் துண்டு ஒடிஞ்சு போச்சு. ரெண்டாவதை அளவு தப்பா அறுத்துட்டேன். நம்ம கைதான், எல்லா நாளும் ஒண்ணு போல இருக்காது. மூணாவதாக்கும் இது."

எண்ணெய்த் துணியைப் பிரித்தான். ஷட்டில் விரல் நீளத்தில், கூரான மூக்கோடு பளிச்சென்று இருந்தது. பக்கவாட்டில் நீலம் பாய்ந்த புது ஸ்பிரிங் ஒட்டிக்கொண்டிருந்தது. சூடாமணி நூல் கோத்து இழுத்துப் பார்த்தாள். இறுக்கம் சரியாக இருந்தது.

"சந்தனம் பட்ட மிஷினை எப்படிச் சுத்தம் பண்றது?" என்றாள்.

"என்னது பட்டது?"

"சந்தனம். தேங்காயெண்ணெயும் விட்டிருக்கு. பூஜையில வச்சிருக்கா."

தங்கையன் முதலில் நம்பவில்லை. பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "மிஷினுக்கு முகூர்த்தமா அம்மா? மாப்பிள்ளை யாரு, டைப் மிஷினா?" அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "தேங்காயெண்ணெய் நாள்பட நின்னா பசையாக்கும். நேத்து விட்டதுன்னா தப்பிக்கலாம். சந்தனம்தான் சீண்டரம், பெரிய தொல்லை. தகட்டைக் கழட்டி, மண்ணெண்ணெயில கழுவி, ஷட்டில் ஓடுற பாதையைக் குச்சியால சுரண்டணும். சந்தனத்தோட ஓட்டினா ஷட்டில் மூக்கு ஒடிஞ்சு போகும். இன்னொரு மூக்கு செய்ய எனக்கு ஒக்காது, இப்பவே சொல்லிட்டேன். நான் வந்து செய்து தரவா?"

கேட்டுவிட்டு அவனே தலையை ஆட்டிக்கொண்டான். அக்கிரகாரத்தில் பூஜையறைக்குள் அவன் எப்படி வருவது?

"நேத்து பாறசாலை மிஷன் பள்ளிக்கூடத்து சுசீலாபாய் டீச்சர் வந்திருந்தாவ" என்று குரலைத் தணித்தான். "பூஜை லீவு கழிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்குற அன்னைக்கு உங்களை மிஷினோட பாறசாலைக்கு வரச் சொன்னாவ. தையல் டீச்சர் வேலையும் உண்டு, தங்க அறையும் உண்டு. பள்ளிக்கூடத்தில மிஷின் இல்ல, வாங்கவும் கிட்டாது. மிஷின் இல்லாம வந்தா வேலை இல்ல. கோட்டாறுல ஒரு பிள்ளை மிஷினோட தயாரா நிக்குதாம். உங்களுக்காகத்தான் அவளை நிறுத்தி வச்சிருக்காவ."

சூடாமணி ஷட்டிலையே பார்த்தாள். அந்த அறையை அவள் பார்த்ததில்லை. ஆனால் அதில் எந்தப் பக்கம் ஜன்னல், மிஷினை எங்கே போடுவது என்பதெல்லாம் மனசில் எப்போதோ முடிவாகியிருந்தது.

"நாளைக்கு மிஷின் வடசேரிக்குப் போறது. எங்க விஜயத்துக்கு" என்றாள்.

தங்கையன் அரத்தைக் கையில் உருட்டினான். "ஒண்ணு செய்யலாம். ரிப்பேர் ஆகல்லன்னு நான் சொல்லிக்கிடுதேன். சாமான் இஞ்சயே கிடக்கட்டும். ஓடாத மிஷினை எந்தச் சம்பந்தி கேப்பாவ?"

அந்தச் சந்தில் அப்போது யாரும் இல்லை. ஆமாம் என்று தலையசைத்தால் போதும். நாளைக் காலையில் மிஷின் ஓடாது, ஸ்ரீகண்டய்யர் தலைகுனிவார், மிஷின் கரமனையிலேயே கிடக்கும்.

"வேண்டாம் தங்கையா. எங்காத்து விஷயத்துல பொய் சொல்றதுன்னா அதை நானே சொல்லிப்பேன். வெளியிலேர்ந்து ஆள் வைக்க மாட்டேன்."

ஷட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். வழி நெடுகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு நடந்தாள். நாலு சுவரையும் தானே எழுப்பிக்கொண்டு உள்ளே உட்காருகிறவள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன் என்று.

தெருவில் எதிர்ப்பட்ட மாமிகள் சிரித்தார்கள். நவராத்திரி ஒன்பது நாளும் வெற்றிலை பாக்குக்கு அழைக்க வந்தவர்கள், "ஆத்துல எல்லாரும் வாங்கோ" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, "விஜயத்தை அவசியம் அனுப்புங்கோ" என்று முடித்தவர்கள்தாம். சூடாமணியை வா என்று சொல்லவும் வாய் வரவில்லை, வராதே என்று சொல்லவும் வாய் வரவில்லை அவர்களுக்கு. நெற்றியில் குங்குமம் இருந்தது. அதை ஏற்றுக்கொண்டு பேசத்தான் ஆள் இல்லை.

*

கிணற்றடியில் விஜயம் காத்துக்கொண்டு நின்றாள்.

"மன்னி, கோயிலுக்குத்தானே போனேள்? பிரசாதம் எங்கே?"

சூடாமணி கால் அலம்பத் திரும்பினாள்.

"எனக்குத் தெரியும். ஷட்டில் வாங்கத்தானே போனேள்? போன வாரம் நீங்க அதைத் துணியில சுத்தி எடுத்துண்டு போனதை நான் பார்த்தேன்."

"அப்பாட்ட சொன்னியா?"

"ஐயோ, நான் எதுக்குச் சொல்றேன்? கிடைக்கப்படாதுன்னு பகவதிக்கு நேர்ந்துண்டு நிக்கறேன்!" விஜயம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னி, எனக்கு ஒரு நூல் கோக்கத் தெரியுமா? சொல்லுங்கோ. பொண்ணு பார்க்க வந்தபோது அந்த ரவிக்கையையும் தலையணை உறையையும் எடுத்து நீட்டி, எல்லாம் என் பெண் கைவேலைன்னுட்டார் அப்பா. நீங்களும் பேசாம நின்னேள். அந்த மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்காத்துக்கு இப்படி ஒரு பொண்ணுதான் வேணும்னா. அதனாலதான் மிஷினே கேட்டா. நாளைக்கு எல்லாருக்கும் முன்னால என்னை உட்கார்த்தி வச்சா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு ரொம்பப் பேடியா, பயமா இருக்கு."

"கத்துக்கோன்னு தலை தலையா அடிச்சுண்டேனே."

"அப்பறம் திட்டுங்கோ. இப்போ அதைத் தாங்கோ. கிணத்துல போட்டுடறேன். மிஷின் ஓடலைன்னா உங்களுக்கும் நல்லதுதானே?"

சூடாமணிக்குச் சிரிப்பு வந்தது. கடைத்தெருவில் ஒருவன், கிணற்றடியில் ஒருத்தி. உலகமே சேர்ந்து அவளுக்கு நல்லது செய்யத் துடிக்கிறது. செய்ய விடாமல் நடுவில் நிற்கிறவள் அவள்தான்.

"அப்பா சபையில சொன்ன வார்த்தை, விஜயம். அதைக் கிணத்துல போடறதா?"

"எதைக் கிணத்துல போடறது?"

கொல்லை வாசற்படியில் ஸ்ரீகண்டய்யர் நின்றுகொண்டிருந்தார். விஜயம் குடத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

சூடாமணி இடுப்பிலிருந்து ஷட்டிலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"மிஷினோட ஷட்டில்ப்பா. ரிப்பேருக்குக் குடுத்திருந்தேன். இது இல்லாம ஓடாது."

அவர் முகம் சிவந்தது. "பூஜையில வச்ச சாமானை வெளியில கொண்டு போனியா?"

"பூஜைக்கு முன்னாடியே போயிடுத்து. கேட்டுட்டு வச்சிருந்தேள்னா சொல்லியிருப்பேன்."

"எதிர்த்துப் பேசறியா?"

"இல்லை. நடந்ததைச் சொல்றேன். ஷட்டிலைப் போட்டாலும் ஓடாது. சந்தனம் உள்ள இறங்கி இறுகிண்டிருக்கு. கழட்டிக் கழுவாம கைப்பிடியைச் சுத்தினா ஒடிஞ்சு போகும்."

ஸ்ரீகண்டய்யர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தன் கையாலேயே செய்த காரியம். தவறு என்று ஒப்புக்கொள்கிற பழக்கம் அந்த வம்சத்தில் கிடையாது. "தேவிக்கு உபசாரம் பண்ணினது குற்றமா?" என்றார்.

"தேவிக்குப் பண்ணினேள். வாங்கிண்டது இரும்பு."

ஒரு காக்கை துவைகல்லில் வந்து உட்கார்ந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் பறந்தது.

"சரி" என்றார், கச்சேரியில் காகிதக் கட்டுகளை மேஜைக்கு மேஜை தள்ளிவிட்ட குரலில். "காலம்பற பூஜை எடுத்ததும் நீயே கழுவிச் சரி பண்ணிடு. தச்சுக் காட்டறதும் நீதான். விஜயத்துக்கு விரல்ல காயம்னு துணி சுத்திடலாம்."

சூடாமணி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவளுக்குத் தைக்கத் தெரியாதுங்கறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? என் ஆத்துல யார் கை எதைத் தைக்கறதுன்னு நான் அறியாதவனா? பொண்ணுக்கு நல்ல இடம் அமையணும். சொன்னேன். சொன்னபடி நடத்தணும். அதுக்குப் பேர்தான் குடும்பம்."

"தச்சுக் காட்டறேன்ப்பா. ஆனா மிஷினைக் குடுக்க முடியாது."

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் 'முடியாது' அது.

"பாறசாலையில ஒரு மிஷன் பள்ளிக்கூடம். தையல் டீச்சர் வேலை குடுக்கறா. மிஷினோட வரணும். இல்லைன்னா வேற ஆளைப் போட்டுடுவா."

"மிஷன் பள்ளிக்கூடம்." அவர் அந்த வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "ஸ்ரீகண்டனோட நாட்டுப்பெண் மிஷின் தூக்கிண்டு வேலைக்குப் போனாள்னு ஊர் பேசணும். இங்கே உனக்கு என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்லை. எனக்கு இங்கே ஒரு பேரும் இல்லை. அவ்வளவுதான்."

"நாளைக்குச் சாம்பு வந்து நின்னு, எங்கே சூடான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "அவர் வருவார்னு இந்த ஆத்துல யாராவது வாய்விட்டுச் சொல்லி எத்தனை நாளாச்சுப்பா? என்னை அடைச்சு வைக்கணும்னாத்தான் அவர் பேரு வெளியில வரது."

ஸ்ரீகண்டய்யரின் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. வாசலில் வண்டி ஒன்று இருமி இருமி நின்றது. "ஆத்துல யாரு?" என்று ஒரு பெண்குரல் ரேழியைத் தாண்டிக் கொல்லை வரை வந்தது.

*

சம்பந்தியம்மாள் தர்மாம்பாள் வடசேரியிலிருந்து கரிவண்டியில் ஒரு நாள் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டாள். பெட்ரோல் இல்லாத காலத்தில் அடுப்புக்கரியை எரித்து ஓடுகிற பஸ் அது. அவள் முகத்தில் பாதி கரி, மீதியில் மஞ்சள்.

"நாளைக்கு நம்பி ஏறினா எந்த மேட்டுல நிக்குமோ? அதான் இன்னிக்கே புறப்பட்டுட்டேன்" என்று கால் அலம்பிக்கொண்டே சொன்னாள். "பாதி வழி ஜனங்க இறங்கித் தள்ளினா. நான் மட்டும் இறங்கலை. சம்பந்தி ஆத்துக்குப் போறவ பஸ் தள்ளிண்டு போனா மரியாதையா இருக்குமோ? எங்கே மிஷின்?"

"பூஜையில இருக்கு" என்றார் ஸ்ரீகண்டய்யர்.

"இருக்கட்டும், இருக்கட்டும். தூரத்திலேர்ந்து பார்க்கறேன்." பூஜையறை வாசலில் நின்று கண்ணை இடுக்கினாள். சந்தனமும் பூவுமாக விளக்கொளியில் மிஷின் மணப்பெண் போல இருந்தது. "அடாடா, கண்ணு படும்! விஜயம் கையால நாளைக்கு ஓடறதைப் பார்த்துட்டா எனக்கு நிம்மதி. பின்னே, நான் இங்கே கூடத்துலயே படுத்துக்கறேன். கண்ணு முழிச்சதும் தேவி முகத்துல முழிக்கலாம்."

பூஜையறை வாசலை அடைத்தாற்போலப் பாயை விரித்தாள். பொழுது விடிவதற்குள் யாராவது சத்தமில்லாமல் உள்ளே போய் ஒரு துணியால் துடைத்துவிடலாம் என்று ஸ்ரீகண்டய்யர் மனசின் மூலையில் ஒரு எண்ணம் வைத்திருந்தாரோ என்னவோ, அதற்கும் வழி போயிற்று. தூண் ஓரத்தில் விஜயம் அப்போதே ஆள்காட்டி விரலில் துணி சுற்றிக்கொண்டு நின்றாள். வலது கையா இடது கையா என்று அப்பாவிடம் கேட்க மறந்து, இரண்டிலும் சுற்றியிருந்தாள்.

தர்மாம்பாள் தண்ணீர் குடித்தாள். செம்பைக் கொண்டுவந்து வைத்த சூடாமணி உள்ளே திரும்பும்வரை பொறுத்திருந்து, அவள் காதில் விழுகிற அளவுக்கே குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்கப்படாது. பொண்ணு புக்காத்துக்குப் புறப்படற நாள். காலம்பற பூஜை எடுக்கறச்சே உங்க மூத்த நாட்டுப்பெண் சித்த உள்ளேயே இருந்தா நன்னாருக்கும்னு தோணறது. எதுன்னு தெரியாத நிலைமை பாருங்கோ. பாவம், அவளைச் சொல்லிக் குத்தமில்லை."

அடுக்களை வாசலில் சூடாமணியின் கால்கள் நின்றுவிட்டன. இந்த இரண்டு வருஷமாக எல்லாரும் கண்ணால் சொன்னது. வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை.

ஸ்ரீகண்டய்யர் ஊஞ்சலிலிருந்து எழுந்தார். வயசானாலும் அவர் எழுந்து நின்றால் கூடம் சின்னதாகிவிடும்.

"சம்பந்தியம்மா, என் மூத்த பிள்ளை ரங்கூன்லேர்ந்து வரத் தாமசிக்கறான். அவ்வளவுதான் நிலைமை. அவன் ஆம்படையா இந்த ஆத்துக்கு மூத்தவ. அவ முன்னால நிக்காம இங்கே ஒரு நல்ல காரியமும் நடக்காது. நாளைக்குப் பூஜை எடுக்கறது சூடாமணிதான்."

பக்கத்து வீட்டில் கொலுவுக்கு முன் யாரோ பாட்டை எடுத்துப் பாதியில் விட்டார்கள்.

தர்மாம்பாள் கெட்ட மனுஷி அல்ல. பளிச்சென்று எழுந்து குங்குமச் சிமிழை எடுத்தாள். "அப்படிச் சொல்லுங்கோ, கேக்கவே நன்னாருக்கு! வாடி கண்ணே, எடுத்துக்கோ."

சூடாமணி வந்து குனிந்து, குங்குமம் எடுத்து நெற்றியிலும் திருமாங்கல்யத்திலும் இட்டுக்கொண்டாள். கொஞ்சம் புடவையில் சிந்திற்று. இரண்டு வருஷமாக இந்த வார்த்தைக்காகத்தான் அவள் இந்த வீட்டில் காத்துக் கிடந்தாள். வந்துவிட்டது, சபையில் சொன்ன வாக்குப் போலவே கம்பீரமாக.

நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்தது. மூத்த நாட்டுப்பெண் என்று நாலு பேர் கேட்கச் சொல்லியாகிவிட்டது. மூத்தவள் தன் கையாலேயே பூஜையை எடுத்து, தன் கையாலேயே மிஷினைத் தூக்கி நாத்தனாருக்குக் கொடுப்பாள். மாட்டேன் என்று இனி எந்த வாயால் சொல்வது? அவர் மனசார மரியாதை செய்தாரா, கதவைச் சாத்தினாரா? இரண்டையும் ஒரே வார்த்தையில் செய்யக் கூடியவர்தான். அவர் கண்கள் கலங்கியிருந்ததும் உண்மை.

"அப்போ நாளைக்குக் காலம்பற மிஷினை நீதான் எடுத்து எங்க விஜயம் கையில தரணும்" என்றாள் தர்மாம்பாள், ஆசையோடு. "மூத்தவ கையால வாங்கறது விசேஷம். என்ன, தருவியோல்லியோ?"

ஸ்ரீகண்டய்யர் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விஜயம் துணி சுற்றிய விரல்களைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"பூஜையை நான் எடுக்கறேன் மாமி" என்றாள் சூடாமணி. குரல் அவள் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக வந்தது. "மிஷின் எங்கே போகணும்ங்கறதை அப்பாவும் நானுமாக் கலந்து பேசி, அப்பறம் உங்களுக்குச் சொல்றோம். மூத்தவான்னா அதுதானே முறை?"

தர்மாம்பாளின் கை சிமிழ் மூடியோடு அந்தரத்தில் நின்றது. "பேசறதா? இன்னும் பேச என்ன இருக்கு சம்பந்தி?" என்று ஸ்ரீகண்டய்யர் பக்கம் திரும்பினாள்.

சற்று முன் சபையறியச் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிற வழக்கமும் அந்த வம்சத்தில் கிடையாது. ஸ்ரீகண்டய்யர் நாட்டுப்பெண்ணைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், பிறகு மெதுவாக ஊஞ்சலில் உட்கார்ந்தார். தனக்கு இடப்பக்கம், சாம்பசிவன் வழக்கமாக வந்து உட்காரும் இடத்தைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினார்.

"உட்காரு சூடாமணி" என்றார். "பேசலாம்."